மோதிர விரல் கட்டு

திருவொற்றியூரில் அப்போது எவரைப் பார்த்தாலும் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேகைக்காக அல்ல; ரேகை பழைய வியாபாரம். இது புதுச் சரக்கு. மோதிர விரல்!

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்குமே, அந்த வரிசைக்குப் பின்னால் பூட்டிப்போன கம்பெனி ஒன்றின் தகரக் கொட்டகை. ஒரு காலத்தில் அங்கே போல்ட்டும் நட்டும் செய்தார்கள். இப்போது வருகிறவர்களின் நட்டைக் கழற்றி அனுப்பினார்கள். வாசலில் பெரிய பேனர்: ‘விரல் சித்தர் அருள்வாக்கு நிலையம். உங்கள் கட்டு எங்கள் கையில்.’ அதன் கீழே, செருப்பை இங்கே விடவும் என்று ஓர் அட்டை. மூளையை எங்கே விடவேண்டும் என்று எழுதவில்லை. எழுதாமலே எல்லாரும் சரியாகச் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையென்றால் மணலி புதுநகரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். காத்திவாக்கத்திலிருந்து வலை பின்னுகிறவர்கள் வருவார்கள். விபூதிக்காரர், சிலுவைக்காரர் என்ற பேதமே கிடையாது. சித்தர் பரந்த மனம் படைத்தவர். எல்லா மதத்தாருக்கும் கை ஐந்து விரலோடுதானே இருக்கிறது?

பரீட்சை மிகவும் எளிது. வருகிறவர் தன் உள்ளங்கையைப் பலகையில் கவிழ்த்து வைக்கவேண்டும். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ள வேண்டும்.

“நடுவிரல் ஆணவம். அது பணியட்டும்” என்பார் சித்தர். “இனி ஒவ்வொரு விரலாகத் தூக்கு மகளே.”

கட்டைவிரல் எழும்பும். ஆள்காட்டி எழும்பும். சுண்டுவிரல்கூட எழும்பும். மோதிர விரல் மட்டும் பசை போட்டு ஒட்டியதுபோல் கிடக்கும். முக்கினாலும் முனகினாலும் வராது. கை வைத்த அம்மாளின் முகம் வெளிறும். சித்தர் கண்ணை மூடி ஒரே சொல் சொல்வார்.

“கட்டு!”

அவருடைய சீடன் ஜோபின் உடுக்கையை ஓங்கி அடிப்பான். கூட்டம் ‘ஐயோ’ என்னும். யாரோ செய்வினை வைத்து மோதிர விரலைக் கட்டிவிட்டார்கள்! அதனால்தான் மகளுக்கு வரன் அமையவில்லை, மருமகன் குடிக்கிறான், மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. பிறகு எலுமிச்சம்பழம், மஞ்சள் தண்ணீர், செப்பு மோதிரம் ஒன்று. மோதிரத்தை விலைக்கு விற்கமாட்டார்; காணிக்கைக்குத்தான் கொடுப்பார். மந்திரம் முடிந்ததும், “ஆணவம் அழிந்தது. நடுவிரலை நீட்டு. இப்போது தூக்கு” என்பார். மோதிர விரல் ஜம்மென்று எழும்பும். விசில் பறக்கும்.

இதற்குள் உங்களில் பாதிப் பேர் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு விரலைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். வரவில்லையா? பயப்படாதீர்கள். உங்களுக்குச் செய்வினை வைக்கும் அளவுக்கு யாருக்கும் உங்கள்மேல் அக்கறை இல்லை. மேலே படியுங்கள்.

வியாசர்பாடி வாரியக் குடியிருப்பில் ரமாபாய் என்று ஒருத்தி. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. சட்டை வெளியே எவ்வளவு பளபளத்தாலும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்காமல் பாஸ் போடமாட்டாள். இந்தப் பழக்கத்தால் சூப்பர்வைசருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவள் கணவன் செங்குட்டுவன், எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேனுக்கு இரும்பு வயர் மாட்டுகிறவன். ஒரு நாள் பிய்ந்துபோன வயர் இழை ஒன்று அவன் வலது புறங்கையைக் கிழித்துவிட்டது. தெருமுனை கிளினிக்கில் தோலைத் தைத்து அனுப்பினார்கள். தோல் ஒட்டிக்கொண்டது. மோதிர விரல் தொங்கிக்கொண்டது. மடங்கும், நிமிராது.

விரல் நிமிராதவனால் கையுறை மாட்ட முடியாது. கையுறை மாட்டாதவனை யார்டு கேட்டுக்குள் விடமாட்டார்கள். அவனுடைய பிழைப்பு அந்த ஒற்றை விரலில் தொங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜானட் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள தசைநார் அறுந்துபோச்சு. அதைத் தேடிப் பிடிச்சுக் கட்டணும். வர்ற புதன்கிழமை ஆபரேஷன். தள்ளிப்போட்டீங்கன்னா மேல சதை சுருங்கி, நார் உள்ள போயிடும். அப்புறம் இழுத்தாலும் எட்டாது” என்றார்.

இவ்வளவு நீளமாகச் சொன்னதில் செங்குட்டுவனின் காதில் விழுந்தது ஒரே சொல். வீட்டுக்கு வருகிற பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டான்.

“டாக்டரம்மா இன்னா சொன்னாங்க கேட்டியா? கட்டுன்னாங்க.”

“கட்டணும்னாங்கய்யா. அறுந்துகீது, கட்டணும்னாங்க.”

“அத்தான் நானும் சொல்றேன். கட்டு.”

குடியிருப்பின் கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் பூமாரி அக்காவுக்கு இந்தச் செய்தி போனது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். விரல் சித்தரிடம் கட்டு அவிழ்த்துக்கொண்டவர். செப்பு மோதிரத்தால் விரல் பச்சையாகிப் போனதைக்கூட அருள் என்றே நம்புகிறவர்.

“டாக்டரே கட்டுன்னு சொல்லிட்டா, பிறகு என்ன யோசனை?” என்றார் பூமாரி. “கட்டுன கைல கத்தி பட்டா கட்டு தோளுக்கு ஏறிரும்னு சித்தர் சொல்லுதாரு. நான் கண்ணால பாத்தேம்லா. என் விரலு ஒட்டிக் கெடந்துச்சு, அவரு சொன்னதும் எந்திரிச்சுட்டு.”

செங்குட்டுவன் தலையை ஆட்டினான். இத்தனைக்கும் அவன் வீட்டுச் சுவரில் புத்தர் படம் இருந்தது. பக்கத்தில் சட்டம் எழுதிய நீலக் கோட்டுக்காரரின் படமும் இருந்தது. இரண்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாவம், படங்களால் தலையில் குட்ட முடியாது.

அன்று சாயங்காலம் ரமாபாய் சோறு வடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்தாள். பூமாரி சொன்னபடி கையைத் தரையில் வைத்து நடுவிரலை மடக்கினாள். மோதிர விரலைத் தூக்கினாள். வரவில்லை. உடம்பெல்லாம் அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. ஒருவேளை நிஜமாகவே யாராவது குடும்பத்துக்கே வைத்துவிட்டார்களோ என்று, மறைக்காமல் சொல்கிறேன், அவளும் ஒரு நிமிஷம் நடுங்கத்தான் செய்தாள்.

ஆனால் செக்கிங்காரி அல்லவா? ஒரு சட்டையில் தையல் பிசகினால் அது தைத்தவள் கோளாறு. எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் அப்படி இருந்தால் அது அளவே அப்படி. மறுநாள் காலை தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களைப் பிடித்தாள்.

“இந்தக் கொடத்து மூடி மேல கைய வையிக்கா. நடுவெரல மடக்கு. இத்தத் தூக்கு பாப்போம்.”

வரவில்லை. அடுத்தவளுக்கும் வரவில்லை. லாரி டிரைவருக்கு வரவில்லை. குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளுக்கு வரவில்லை. கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்கு வரவில்லை. மாதா கோயில் பிரசங்கியாருக்கும் வரவில்லை. இத்தனை பேருக்கும் செய்வினை வைப்பதென்றால் வைத்தவனுக்குச் சாப்பிட நேரம் இருந்திருக்காது. அவனுக்கு ஏதாவது அரசாங்க விருது கொடுத்திருக்கலாம்.

அடுத்து அவள் உள்பக்கத்தைத் திருப்பினாள். மந்திரம் இல்லை, மோதிரம் இல்லை. நடுவிரலை நீட்டிக்கொண்டு தூக்கச் சொன்னாள். எல்லாருக்கும் எழும்பியது. வீட்டுக்கு ஓடிவந்து கணவனின் கையைக் கவிழ்த்து வைத்து, எல்லா விரலையும் நீட்டித் தூக்கச் சொன்னாள். மோதிர விரல் அசையவில்லை. ஊருக்கெல்லாம் ஒன்றுமில்லை, இவன் ஒருவனுக்குத்தான் நிஜமாகவே ஏதோ ஆகியிருக்கிறது. ரமாபாய்க்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் ஜானட் முழுக்கதையும் கேட்டார். மேசையில் கையை வைத்து நடுவிரலை மடக்கினார். “எனக்கும் வரலைங்க. எனக்கு யார் வச்சாங்களோ?” என்று சிரித்தார். பிறகு, “உங்க முழங்கைக்குக் கீழ இந்தக் கையால பிடிச்சுக்கிட்டு, அந்தக் கை விரலை ஆட்டுங்க. என்ன தெரியுது?” என்றார்.

“இங்க சதை நெளியுது மேடம்.”

“விரலை ஆட்டுற பெரிய சதையெல்லாம் அங்கதான் இருக்கு, விரல்ல இல்ல. ஒரு பக்கம் எலும்புல ஒட்டியிருக்கும். இன்னொரு பக்கம் நாராகி, கயிறு மாதிரி மணிக்கட்டைத் தாண்டி விரல் எலும்புல போய் ஒட்டும். சதை சுருங்கினா கயிறு இழுபடும், எலும்பு அசையும். சதைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால மடக்க ஒண்ணு, நிமிர்த்த ஒண்ணு.”

“அப்ப மோதிர வெரலுக்கு மட்டும் இன்னா மேடம்?”

“புறங்கையில நடுவிரல் கயிறையும் மோதிர விரல் கயிறையும் குறுக்கே ஒரு பட்டை சேர்த்துப் பிடிச்சிருக்கு. நடுவிரலை மடக்கினா அது பக்கத்துக் கயிறையும் சேர்த்து முன்னால இழுத்துடும். கயிறு தொய்ஞ்சுபோனா எப்படித் தூக்கும்? ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தனியா இன்னொரு கயிறு உண்டு, அதுங்க தப்பிச்சிடும். இது செய்வினை இல்லைங்க, எல்லாருடைய கையையும் செஞ்ச விதம்.”

வருகிற வழியில் ரமாபாய் கோழிக்கால் வாங்கி வந்தாள். செங்குட்டுவனுக்கு முன்னால் தட்டில் போட்டாள். வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்த பின்பக்க நாரைப் பிடித்து இழுத்தாள். செத்த கோழி கால் விரல்களை மடக்கியது. முன்பக்க நாரை இழுத்தாள். விரித்தது. அப்புறம் கத்தியால் நாரை நடுவில் அறுத்துவிட்டு மறுபடியும் இழுத்தாள். நார் கையோடு வந்தது. விரல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“யோவ், யார்டுல வயர் சுத்துற வின்ச் ஓடுது, கொக்கி மேல வரலன்னா நீ இன்னா பண்ணுவ? கற்பூரம் காட்டுவியா, வயரப் பாப்பியா?”

“வயரத்தான் பாப்பேன்.”

“அறுந்துகினா?”

“கட்டணும்.” சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோழிக்கால் தட்டை ஓரமாகத் தள்ளினான்: “எல்லாம் புரியுதுமே. எனுக்குக் கத்தின்னா பயம். கைய அறுத்துட்டு அப்பால இருக்கறதும் பூட்சின்னா? சித்தரு அறுக்காம பண்றேன்றாரு. ஞாயித்துக்கெயம ஒரு தபா போய்ட்டு வந்துருவோம்.”

ரமாபாய்க்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. பயந்தவனிடம் பாடம் நடத்தி என்ன பயன்? “சரி, போலாம். ஆனா நான் ஒரு கேள்வி கேப்பேன். நீ குறுக்க வரக்கூடாது” என்றாள். மதியச் சாப்பாட்டு டிபன் டப்பாவின் எவர்சில்வர் மூடியை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எள் போட்டால் எண்ணெய்தான் எடுக்கலாம், அத்தனை கூட்டம். பூமாரி அக்கா முன்வரிசை. செங்குட்டுவனின் முறை வந்தது. நடுவிரலை மடக்கினான். மோதிர விரல் வரவில்லை. “கட்டு!” உடுக்கை. எலுமிச்சம்பழம், மஞ்சள் தண்ணீர், மந்திரம்.

“ஆணவம் அழிந்தது. நீட்டு. தூக்கு.”

மற்ற நான்கும் எழுந்தன. மோதிர விரல் தொங்கியது. விசிலடிக்க வாயில் விரல் வைத்தவர்கள் அப்படியே எடுத்தார்கள். சித்தர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். வியாபாரத்தில் முதல்முறையாக நிஜமான நோயாளி வந்துவிட்டான்! ஆனாலும் தொழில் தெரிந்தவர், சுதாரித்துக்கொண்டார்.

“இது கடல்கட்டு. மூணு அமாவாசை வரணும். கத்தி படவே கூடாது. பட்டால் கையே போகும்.”

செங்குட்டுவனின் முகம் இருண்டது. ரமாபாய் ஜோபினின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். பிடுங்கினாள் என்றும் சொல்லலாம்.

“இங்க கட்டு அவுத்தவங்கல்லாம் கை தூக்குங்க. ஷோக்கா கீது. இப்ப அதே கைய கீழ வையுங்க. நடுவெரல மறுக்கா மடக்குங்க. மோதர வெரலத் தூக்குங்க பாக்கலாம்.”

சித்தர் தடுப்பதற்குள் கூட்டம் மடக்கிவிட்டது. சொன்னதைச் செய்கிற கூட்டம் என்பதில் இப்படி ஒரு வசதி. ஒருவருக்கும் விரல் வரவில்லை. கொட்டகையே அலறியது.

“ஐயையோ, என் கட்டு திரும்பிட்டே!” என்று பூமாரி மாரில் அடித்துக்கொண்டார்.

“பாருங்கள்!” சித்தர் ரமாபாயைச் சுட்டிக்காட்டினார். “இவள்தான் கொண்டுவந்தாள்! இவள் வந்ததும் எல்லாருடைய கட்டும் திரும்பிவிட்டது!”

அவ்வளவுதான். இதுவரை விரலைப் பார்த்த கூட்டம் ரமாபாயைப் பார்த்தது. ரெண்டு பேர் எழுந்து நின்றார்கள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மைக்கை விடவில்லை.

“சரி, நானே கொண்டாந்தேன். சித்தர் கூடவே கீற ஜோபினுக்குக் கட்டு புடிக்குமா?”

“ஒருக்காலும் பிடிக்காது! அவன் என் நிழலில் இருப்பவன்!”

“அப்ப நீ வையி தம்பி.”

ஜோபின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். நடுவிரலை மடக்கினான். தூக்கினான். மறுபடியும் தூக்கினான். அவன் கண்ணில் நீர் முட்டியது.

“சாமீ... எனக்குமா சாமீ?”

பாவம், அவன் இத்தனை நாளும் உடுக்கையை மட்டும்தான் அடித்தான்; ஒரு முறையாவது தன் விரலை வைத்துப் பார்த்ததில்லை. நம்பியே அடித்திருக்கிறான். சிரிப்பு எங்கோ பின்வரிசையில் தொடங்கியது.

“சித்தரே, கடைசியா நீங்க வையுங்க” என்றாள் ரமாபாய்.

“பலர் தொட்ட பலகையில் என் கை படலாகாது.”

“பலகை வேணாம் சாமி.” பையிலிருந்து டிபன் மூடியை எடுத்து நீட்டினாள். “நல்லா கழுவிக் கொணாந்துகீறேன்.”

“வையி நைனா! பேஜாரு பண்ணாத!” என்று ஒரு லாரிக்காரர் கத்தினார். “வை, வை” என்று கொட்டகை முழுக்கப் பிடித்துக்கொண்டது. சித்தர் வேறு வழியில்லாமல் கையை வைத்தார். நடுவிரலை மடக்கினார். மோதிர விரலில் அவருடைய மோதிரம் மினுங்கியது. செம்பு அல்ல, தங்கம். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. பிறகு மெதுவாக மணிக்கட்டோடு சேர்த்து முழுக்கையும் மேலே எழும்பியது.

அந்த மணிக்கட்டைச் செங்குட்டுவனின் இடது கை வந்து அழுத்தியது. வருஷக்கணக்கில் வயர் இழுத்த கை.

“கொக்கிய மட்டும் தூக்கு சாமி. கிரேனையே தூக்காத.”

விரல் அசையவில்லை. நெற்றி வியர்வை மூடியில் சொட்டியதே தவிர விரல் அசையவில்லை.

“சாமிக்கே எவன்யா வச்சான்?” என்றது ஒரு குரல். தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சித்தரின் சித்தெல்லாம் பறந்துபோயிற்று. ரமாபாய் ஆஸ்பத்திரியில் கேட்டதை மைக்கில் அப்படியே சொன்னாள். முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டு விரலை ஆட்டச் சொன்னாள். அத்தனை பேரும் தங்கள் சதை நெளிவதைத் தாங்களே பிடித்துப் பார்த்தார்கள். தன் கை எப்படி அசைகிறது என்று பாதிப் பேர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த நேரத்தில் பின்பக்கத் தகரத்தை நெம்பிக்கொண்டு ஒருவர் நழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கால் தசைகள் அருமையாக வேலை செய்தன.

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வெளியே செருப்பைத் தேடும்போதே பூமாரி அக்கா ரமாபாயின் காதில் கிசுகிசுத்தார். “மீஞ்சூர்ல ஒருத்தர் இருக்காராம்ட்டி. இந்தச் சித்தருக்கு விழுந்த கட்டையே அவுத்துருவாராம்.”

புதன்கிழமை செங்குட்டுவன் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனான். கதவு வரைக்கும் ரமாபாயின் கையை விடவில்லை. அறுந்த நாரைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தான். கட்டு பிரித்தபின் பயிற்சி, பயிற்சிக்கு மேல் பயிற்சி. வலியில் பல்லைக் கடித்தான், டாக்டரைத் திட்டினான், மனைவியைத் திட்டினான், மறுபடியும் விரலை ஆட்டினான். ஒரு காலையில் மோதிர விரல் நிமிர்ந்து கையுறைக்குள் போனது. அவன் கையுறையைக் கழற்றாமலே காப்பி குடித்தான். ரமாபாய் அழுதாள், இந்த முறை அடக்கவில்லை.

கீழே கடையில் பூமாரி அக்கா அந்த விரலை உற்றுப் பார்த்தார்.

“எந்தச் சாமிப்பா அவுத்தது?”

“அவுக்கலக்கா” என்றான் செங்குட்டுவன். “கட்டுனாங்க.”

விரலை அசைக்கிற சதை முழங்கைக்குக் கீழே இருக்கிறது. அசையச் சொல்கிற சங்கதி தலைக்குள் இருக்கிறது. விரலை மடக்கித் தூக்கிப் பார்த்தீர்கள் அல்லவா, அப்படியே அதையும் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். அதை யாரும் கட்டிவைக்கவில்லை. நீங்களாகச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டால்தான் உண்டு.